அரிசிப் பை வேறு, பிள்ளை வேறு

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 34 வயசு. கொக்கட்டிச்சோலையில இருந்து இன்னும் உள்ளுக்குப் போற ஒரு ஊரு. இவர் நாலு வருசத்துக்கு முந்தி வெலிக்கந்தப் பக்கம் மேசன் வேலைக்குப் போனவர், அங்கயே வேற குடும்பமாகிற்றார். சாகவும் இல்ல, சட்டப்படி விலகவும் இல்ல. மூத்தவள் எட்டாம் ஆண்டு, சின்னவன் மூண்டாம் ஆண்டு. போன வருசம் ஒரு சபைக்காரர் வீடு தேடி வந்து மாசா மாசம் உலருணவுப் பை தரத் தொடங்கினாங்க. பிறகு ஒரு தையல் மெசினும் தந்தாங்க. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வரச் சொன்னாங்க, போறன். பையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறாங்க. கோயில் ஆக்கள் அம்மாட்டப் போய், “உன்ர மகள் கிறிஸ்தவ வேதத்துக்குப் போயிற்றாள், இந்த முறை கண்ணகி அம்மன்ட குளிர்த்திச் சடங்குக்கு அவள்ர பொங்கல் பானை வேணாம்” எண்டு சொல்லியிருக்காங்க. இப்ப மூத்தவளை டவுனில உள்ள அவங்கட பிள்ளைகள் விடுதியில விட்டா ஓ.எல். சோதனை வரைக்கும் படிப்பிப்பமாம். அம்மாட காணியில வீடும் கட்டித் தருவாங்களாம். அந்தப் படிவத்தில குடும்பத் தலைவர் எண்ட இடத்தில இவர்ர பேரைப் போடச் சொல்றாங்க. மகள்ர பிறப்புச் சான்றிதழைக் கேட்டாங்க, குடுத்திற்றன். நான் செய்யிறது பிழையா அக்கா? மகளிட்ட இன்னும் கேக்கல்ல.

பதில்:

தங்கச்சி, பிழை இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட அரிசி வாங்கினது எந்தச் சாமிக்கும் பிழையாகப் படாது. கோயில் ஆட்கள் அம்மாவிடம் பேசினதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு வருசமாக உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்காதவர்கள், எரியத் தொடங்கின பிறகு வந்திருக்கிறார்கள்.

சமயத்தின் கையால் ஒன்றுமே வாங்காத குடும்பம் நம்முடைய பக்கத்தில் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். 1814 இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருசமே அவர் காலமாகிவிட்டார், பள்ளிக்கூடம் இன்றைக்கும் நடக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் புனித மைக்கேலிலும் படித்தவர். அங்கே படித்ததால் அவர் வேதக்காரர் ஆகவில்லை. இராமகிருஷ்ண மிஷனில் துறவியாகி, 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்தில் சிவானந்தாவில் படித்தவர் ஒருவராவது இருப்பார். அடுத்த முறை யாராவது வந்து பேசினால் அம்மாவை இந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

நானும் வரிசையில் நின்றவள்தான். 2004 டிசெம்பர் 26 காலையில் கல்லடியில் எங்கள் வீடு போனது. ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் பதினொரு குடும்பங்களாக இருந்தோம். முதல் சோற்றுப் பொதியைக் கொண்டு வந்தது பள்ளிவாசல் ஆட்கள். பிறகு பாதர்மார் வந்தார்கள், பிறகு மிஷன் வான் வந்தது. அரசாங்கக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து லொறி வந்தது அதற்கும் பிறகு. ஆகவே, சமய அமைப்புகளின் உதவியே வேண்டாம் என்று நான் சொன்னால் என் வயிறே என்னைப் பொய்க்காரி என்று சொல்லும்.

அதே முகாமில் இன்னொன்றும் நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஓர் அமைப்பு வந்து பெண்களுக்குச் சேலை கொடுத்தது. பெயர் வேண்டாம். சேலையைக் கையில் தருவதற்கு முன்பு எங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு பெனரின் நுனியை என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அடுத்த வருசம் தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போன கடையில் கலண்டர் ஒன்று தொங்கியது. மார்ச் மாதத்துக்குரிய படத்தில் நான் நிற்கிறேன், தலை வாராமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. கடைக்காரர் என்னைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சேலையை நான் ஒரு நாளும் உடுக்கவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் படம் எடுக்கிற வரி என் கண்ணில் முதலில் பட்டது. பை கொடுத்ததற்குக் கணக்குக் காட்ட அவர்களுக்கு ஏதோ ஒன்று தேவைதான், காசு தருகிறவர் கேட்பார். அதற்குக் கையெழுத்துப் போதும். “கையெழுத்து வைக்கிறன், படம் வேணாம் பாஸ்டர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போறாங்க” என்று சிரித்துக்கொண்டே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பேர் சரி என்பார்கள். அந்தப் பத்தாவது ஆள், படம் இல்லாவிட்டால் பை இல்லை என்றால், அவரிடம் வேறு எதற்கும் தலையாட்ட வேண்டாம். எப்படியென்றாலும் பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது.

ஞாயிறு ஜெபத்துக்குப் போவதா விடுவதா என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத்தான் தந்திருக்கிறது. அதில் பாஸ்டருக்கும் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கருக்கும் பங்கு இல்லை. அங்கே போய் உட்கார்ந்தால் மனசு ஆறுகிறது என்றால் போங்கள். நாலு வருசத்தில் உங்களிடம் “எப்படி இருக்கிறாய்” என்று கேட்ட முதல் இடம் அதுவாக இருந்தால், அது சின்ன விசயமா? பைக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் போகாமல் இருந்து பாருங்கள். பை வருகிறதா நிற்கிறதா என்பதில் உங்களுக்குப் பதில் கிடைக்கும். சமூக சேவை செய்கிற எங்கள் தொழிலில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இதைச் சொல்லும்போது சம்மாந்துறையில் என்னோடு வேலை செய்த ஒரு தோழியின் ஞாபகம் வருகிறது. புருசன் மௌத்தாகி (இறந்து), வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருந்த முஸ்லிம் பெண்களின் வீடுகளுக்கு நாங்கள் இருவரும் போவோம். இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஸகாத்தைப் பற்றி அவள் ஒரு தரம் விளங்கப்படுத்தினாள்: அது பணக்காரனின் தயவு இல்லை, அவனுடைய காசுக்குள்ளே இருக்கிற ஏழையின் ஹக், உரிமை. ஸகாத் பெறக்கூடிய எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். கிழமைக் கடன்காரன் வாசலில் வந்து நிற்கிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கதவு! ஆனால் ஸகாத் கமிட்டியில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். இத்தாவில் இருக்கிறவள் எப்படிப் போய் அவர்களிடம் கடனைச் சொல்லுவாள்? தோழிதான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நம்முடைய கோயில்களிலும் இதே கதைதானே. பொங்கல் அடுப்பில் வேகிறது பெண்கள், கணக்குக் கொப்பி இருக்கிறது வேறு கையில். சபையிலும் போய்ப் பாருங்கள், பையைக் கட்டுகிறது யார், பெயரை வெட்டுகிறது யார் என்று.

அந்த ஹக் என்ற சொல்லை உங்களுக்கும் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். சபை தருகிறது தயவு. வாங்கலாம், நன்றி சொல்லலாம், ஆனால் அது நாளைக்கு நின்றால் கேட்க இடமில்லை. உங்களுக்கு உரிமையாக வரவேண்டியவை இரண்டு இருக்கின்றன. இரண்டைப் பற்றியும் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. பை வரத் தொடங்கியதும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். பல பெண்கள் அப்படித்தான்.

ஒன்று அஸ்வெசும, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தருகிற காசு. 2023 யூலையில் சமுர்த்திக் காசுக்குப் பதிலாகத் தொடங்கியது. வீட்டை வந்து பார்த்து, படிப்பு, சுகம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்று 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். அப்படி வந்து பார்த்தபோது குடும்பத்தில் உழைக்கிற ஆம்பிளை ஒருவர் இருக்கிறார் என்று பதிவாகியிருந்தால் உங்கள் பெயர் பட்டியலுக்கு வெளியே போயிருக்கலாம். கொக்கட்டிச்சோலையில் மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். புருசன் பிரிந்து போய் நாலு வருசம் என்பதற்கு கிராம சேவகரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு போய், உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதே கட்டடத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரையும் சந்தியுங்கள். அவருக்கு உங்களைத் தெரிந்திருப்பது பின்னுக்கு எத்தனையோ விசயத்துக்கு உதவும்.

மற்றது தாபரிப்பு. அவர் வெலிக்கந்தையில் மேசன் வேலை செய்கிறார் என்றால் உழைக்கிறார். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி உங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் செலவுக்குப் பணம் கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அதற்கு விவாகரத்து எடுத்திருக்கத் தேவையில்லை. “சாகவும் இல்ல, விலகவும் இல்ல” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிலை இந்த வழக்குக்குத் தடை இல்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாவிட்டால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை இருக்கிறது. வெட்கப்படுகிறீர்கள் என்று தெரியும். “என்னை விட்டுற்றுப் போனவன்ர காசு எனக்கு எதுக்கு” என்று என் முன்னால் இருந்து அழுத பெண்கள் எத்தனையோ பேர். அது அவருடைய பிள்ளைகளின் சோறு, தங்கச்சி. சபைக்காரர் தந்தால் வாங்கலாம், தகப்பன் தந்தால் வாங்கக்கூடாதா?

மெசினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது உங்களுக்குத் தந்ததா, பாவிக்கத் தந்ததா? தரும்போது ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதில் ஒரு பிரதி கேளுங்கள். “திட்டத்தின் சொத்து” என்று எழுதியிருந்தால் என்றைக்கோ ஒரு நாள் திருப்பிக் கேட்பார்கள் என்று எண்ணிக்கொண்டு, பாடசாலைச் சட்டை தைக்கிற காசில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து சொந்தமாக ஒரு பழைய சிங்கர் எடுத்து வையுங்கள்.

இனி மகள்.

பிள்ளைகள் இல்லங்களை மொத்தமாகக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1990 இல் இங்கே போரில் நடந்த அழிவுக்குப் பிறகு, தகப்பனும் இல்லாமல் வீடும் இல்லாமல் நின்ற பிள்ளைகளைச் சிஸ்டர்மாரும் மிஷனும் எடுத்து வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த ஒருத்தி இன்றைக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள், தன் கலியாணத்துக்குச் சிஸ்டரைத்தான் தாயின் இடத்தில் நிற்க வைத்தாள். அவளுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. உங்கள் மகளுக்குத் தாய் இருக்கிறாள், அம்மம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறான். அவளுக்கு இல்லாதது காசு. காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைத் தாயிடம் இருந்து பிரிக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலில் தெளிவாக எழுதியிருக்கிறது. எனக்கு அந்த வழிகாட்டல் இல்லாமலே இது தெரியும். திங்கட்கிழமை விடியக் காலையில் விடுதி வாசலில் தாயின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்த கையை நான் விரல் விரலாகப் பிரித்து எடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. அந்த வேலையை அன்றைக்கு நான் சரி என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஆகவே பாஸ்டரிடம் இப்படிக் கேளுங்கள்: “விடுதியில ஒரு பிள்ளைக்கு மாசம் ஆகிற செலவில அரைவாசியை வீட்டில வச்சிப் படிப்பிக்கத் தருவீங்களா?” அவளுக்கு வேண்டியது என்ன என்று கணக்குப் போடுங்கள். கொக்கட்டிச்சோலைக்குப் போக ஒரு சைக்கிள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் காசு. இரவு படிக்க ஒழுங்கான லைற். பஸ்ஸில் போனால் மாணவர் பருவச் சீட்டு இருக்கிறது. புத்தகமும் சீருடைத் துணியும் பள்ளிக்கூடத்தில் தருவார்கள். மண்முனையில் பாலம் இல்லாமல் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி ஆற்றைக் கடந்த காலத்தில் டவுனில் தங்கிப் படிப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2014 இல் பாலம் திறந்தாயிற்று. உண்மையாகவே பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ள அமைப்பு இந்தக் கணக்கைக் கேட்டு யோசிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சபை அப்படி மாறியது, விடுதியை மூடிவிட்டு இப்போது வீடு வீடாகப் போய் உதவுகிறது. பிள்ளை விடுதிக்கு வந்தால்தான் உதவி என்று பிடிவாதம் பிடித்தால், அங்கே கட்டில் வெறுமையாகக் கிடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வரும். தலைக்கு இவ்வளவு என்று காசு வருகிற இடங்கள் இருக்கின்றன.

எல்லாம் யோசித்து, விடத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தாலும் பாஸ்டரோடு வாயால் பேசி விடாதீர்கள். பிள்ளைகள் இல்லம் நடத்துகிறவர்கள் 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் அந்த இல்லத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதிவு இருக்கிறதா என்று சொல்லுவார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நேரே போங்கள், பின்னேரம் ஆறு மணிக்கு. இரவில் பிள்ளைகளோடு தங்குகிறவர் யார் என்று கேளுங்கள். பொம்பிளையாக இருக்க வேண்டும், அவரை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மலசலகூடக் கதவுக்கு உள்ளே கொண்டி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் போகிற எந்த இல்லத்திலும் முதலில் பார்க்கிறது அதைத்தான். பிள்ளை கிழமைக்கு ஒரு தரம் உங்களோடு போனில் தனியாகப் பேசலாமா, பொங்கலுக்கும் சித்திரை வருசத்துக்கும் குளிர்த்திக்கும் வீட்டுக்கு வரலாமா, விபூதி பூசினால் ஏச்சு விழுமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். எங்காவது ஒரு பிள்ளைக்கு நடக்கக்கூடாதது நடக்கிறது என்று மனசில் பட்டால் 1929 க்கு அடிக்கலாம். உங்களுக்கே ஏதும் நெருக்கடி என்றால் 1938, அது பெண்களுக்கானது.

வீட்டுப் படிவத்தில் அவருடைய பேர் வேண்டவே வேண்டாம். நம்முடைய பக்கத்தில் வீடு தாய் வழியாக மகளுக்குப் போகிறது, அம்மாவின் காணி உங்களுக்கு, பிறகு உங்கள் மகளுக்கு. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித் தந்தபோது இந்த வழமை தெரியாமல் குடும்பத் தலைவர் என்ற பெட்டிக்குள் ஆம்பிளையின் பேரை எழுதி, பெண்ணின் சீதன வீட்டுக்குப் பதிலாக வந்த வீடு புருசன் பேரில் போன கதைகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய. அவர் நாலு வருசமாக அந்த வளவுக்குள் கால் வைக்கவில்லை. நாளைக்குப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பங்கு கேட்க ஏன் வழி வைக்க வேண்டும்? குடும்பத் தலைவர் நீங்கள்தான். அப்படியே எழுதுங்கள். காணிக்கு இருப்பது உறுதிப் பத்திரமா, அரசாங்கப் பெமிட்டா, யார் பேரில் என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள், கல்லு இறக்குவதற்கு முன்பு அது தெரிய வேண்டும்.

கோயில் விசயம். வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மாவோடு நீங்களே வண்ணக்கரின் வீட்டுக்குப் போங்கள், ஆள் விட வேண்டாம். “அம்மனுக்குப் பானை வைக்கிறதை நான் விடல்ல, வருசா வருசம் வைப்பன்” என்று சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: புருசன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிற வீடு நம்முடைய ஊரில் எத்தனை, கோயிலால் அவர்களுக்கு ஏதும் செய்ய ஏலுமா என்று. சண்டையாகக் கேட்க வேண்டாம். அவர் வெட்கப்பட்டு ஏதாவது செய்யத் தொடங்கினாலும் தொடங்குவார், மனுசர்தானே. கண்ணகி யாருக்காக மதுரையில் வழக்குப் பேசினவள் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவும் மெதுவாகச் செய்யலாம். மகளிடம் கேட்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, உங்களைவிடக் கூட யோசித்து வைத்திருப்பாள். சமைக்கும்போது, தேங்காய் திருவிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் சொல்லுவாள்.

அதற்கும் முதல், அந்தப் பிறப்புச் சான்றிதழ். கொடுத்தது மூலப்பிரதி என்றால் நாளைக்கே போய் “பள்ளிக்கூடத்தில கேக்கிறாங்க” என்று சொல்லி வாங்கி வந்துவிடுங்கள். ஒரு போட்டோப் பிரதி கொடுங்கள், போதும். தர மறுத்தால் எனக்கு உடனே எழுதுங்கள், அடுத்த கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.